மழை பெய்தாலே ஆர்சிசிபி டிரிப் ஆகிறது, வழி சொல்லுங்களேன்

வணக்கம். மழை பெய்தால் எங்கள் வீட்டு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. லைட் சர்க்யூட்டின் 6 ஆம்பியர் எம்சிபி (ஷார்ட், ஓவர்லோடு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) அசையவே இல்லை. அதனால் ஷார்ட் இல்லை, எர்த் லீக்கேஜ்தான், அதாவது எர்த்துக்குக் கரண்ட் கசிகிறது என்று நினைக்கிறேன். கேட் லைட் சுவிட்சை அணைத்து வைத்தாலும் விழுகிறதே, அதுதான் குழப்பம். சுவிட்ச், கரண்ட் வரும் பேஸ் ஒயரை மட்டும்தானே துண்டிக்கும்; நியூட்ரல் எங்கோ ஈரத்தில் எர்த்தைத் தொடுகிறதோ? மெயினை அணைத்துவிட்டுக் கேட் லைட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஹோல்டருக்குள் பச்சை பூத்து, எறும்புக் கூட்டமே குடியிருக்கிறது.

வந்த எலெக்ட்ரீஷியன், ஆர்சிசிபியை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்துவிடலாம் என்கிறார். நல்ல யோசனைதான் போங்கள்! அதற்கு நான் சம்மதிக்கவில்லை.

மெக்கர் (ஒயர் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்து நியூட்ரல், எர்த் இரண்டுக்கும் இடையே சோதிக்கும்போது எல்இடி பல்புகளை எல்லாம் கழற்ற வேண்டுமா? கேட்டுக்குப் போகும் ஒயரை மட்டும் மாற்றினால் போதுமா?