மறு: மறு: ஆஞ்சைனாவின் இரண்டு வகைக்கும் சொல்: அடங்கும், அடங்கா

குழுவினருக்கு வணக்கம். இதயத் தசைக்கு இரத்தம் போதாமல் நெஞ்சில் வரும் இறுக்கம்தான் ஆஞ்சைனா. அதன் ஸ்டேபிள், அன்ஸ்டேபிள் என்ற இரண்டு வகைக்கும் நம் அகராதியிலும் மக்களுக்கான துண்டறிக்கையிலும் போடத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். அதற்கு வந்த கேள்விகளுக்கு என் பதில்:

> "ஸ்டேபிள்" என்றால் நிலையான, "அன்ஸ்டேபிள்" என்றால் நிலையற்ற. நேர்ப்பொருள் இருக்கும்போது எதற்கு இவ்வளவு சுற்று?

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது ஐயா. "நிலையற்ற நெஞ்சுவலி" என்று எழுதினால் உசிலம்பட்டிப் பக்கத்து ஆள் அதை "வரும், போகும்" என்றுதான் படிப்பார். "நிலையான நெஞ்சுவலி" என்றால் விடாமல் வலிப்பது என்று எடுத்துக்கொள்வார். மருத்துவர் சொல்வது இதற்குத் தலைகீழ். மாடிப்படி ஏறினால் வந்து, உட்கார்ந்ததும் சில நிமிடத்தில் போய்விடுவது, மாதக்கணக்கில் அதே அளவில் இருப்பது, அதுதான் ஸ்டேபிள். சும்மா படுத்திருக்கும்போதே வருவதும், புதிதாகக் கிளம்பியதும், நாளுக்கு நாள் கூடுவதும் அன்ஸ்டேபிள். பெரும்பாலும் இதயத் தமனிக்குள் படிந்த கொழுப்புத் திட்டு கிழிந்து, அதன்மேல் இரத்தம் உறையத் தொடங்கியிருக்கும் நிலை அது. மாரடைப்புக்கு ஒரு படிதான் பாக்கி. அதற்குப் போய் "நிலையற்ற" என்று பெயர் வைத்தால், வந்து போறதுதானே என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது "வலி". என் மருந்துக்கடைக்கு இராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வருகிறவர்களில் பலர் வலி என்று சொல்வதே இல்லை. "அண்ணே, நெஞ்சை அமுக்குது, கேஸு மாத்திரை ஒண்ணு குடுங்க." வலிக்குதா என்று கேட்டால், "வலியெல்லாம் இல்லண்ணே, ஒரு மாதிரி இருக்கு" என்பார்கள். கையை மடக்கி நடு மார்பில் வைத்துக் காட்டுவார்கள். அந்த மடக்கிய கைக்கு மருத்துவ நூல்களில் லெவின் அடையாளம் என்றே பெயர் உண்டு. அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பது வேறு. ஆஞ்சைனா என்று பெயரிட்ட வில்லியம் ஹெபர்டனும் (1768இல் வாசித்தார், 1772இல் அச்சானது) தொண்டையை நெரிப்பது போன்ற உணர்வை வைத்துத்தான் பெயர் வைத்தார். வலி என்ற பொருள் மூலச்சொல்லிலேயே இல்லாதபோது நாம் ஏன் அதைக் கொண்டுபோய் உள்ளே நுழைக்க வேண்டும்?

வந்த பரிந்துரைகளைப் பார்க்கலாம். "நெஞ்சழுத்தம்" முடியவே முடியாது. ஊரில் அதற்குப் பிடிவாதம், துணிச்சல் என்று பொருள். "உங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சழுத்தம்" என்று டாக்டர் சொன்னால் "அது கல்யாணம் ஆன நாள்லயே தெரியும்" என்று பதில் வரும். "நெஞ்சடைப்பு" மாரடைப்போடு மோதும். "தமரக நோய்" சித்த மருத்துவ நூல்களுக்குச் சரி, துண்டறிக்கைக்கு ஆகாது. "நெஞ்சுப் பிடிப்பு" என்றால் உடனே வாயுப் பிடிப்பு நினைவுக்கு வந்து, ஓமத்தண்ணீர் வைக்க அடுப்பைப் பற்றவைத்துவிடுவார்கள். மிஞ்சுவது "நெஞ்சிறுக்கம்". மதுரையில் வெயில் காலத்தில் "ஒரே இறுக்கமா இருக்கு" என்றால் புழுக்கம் என்று பொருள்தான். முன்னால் நெஞ்சு வந்துவிட்டால் அந்தக் குழப்பம் இல்லை. ஆஸ்துமாவிலும் பதற்றத்திலும் இரைப்பை அமிலம் மேலே ஏறும்போதும் இந்த இறுக்கம் வரும் என்பதால் அறிகுறிக்குப் பொதுச்சொல்லாக இதுவே இருக்கட்டும். இதயத்தால் வருவதற்கு "இதய நெஞ்சிறுக்கம்".

வகைக்கு என் பரிந்துரை: அடங்கும் நெஞ்சிறுக்கம், அடங்கா நெஞ்சிறுக்கம்.

> அடங்கா என்றால் ஓய்வெடுத்தும் போகாதது மட்டும்தானே? புதிதாக வந்து, உட்கார்ந்ததும் போய்விட்டால்? அதையும் நாங்கள் அன்ஸ்டேபிள் கணக்கில்தான் சேர்ப்போம்.

டாக்டரம்மா கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் "அடங்கா" என்ற சொல்லுக்குத் தணியாதது என்ற பொருள் மட்டும் இல்லை. அடங்காத காளை, அடங்காப்பிடாரி என்கிறோமே, அந்த "சொன்ன பேச்சுக் கேட்காத" பொருளும் இருக்கிறது. புதிதாகக் கிளம்பியதும் நாளுக்கு நாள் கூடுவதும் அந்தப் பொருளில் அடங்கிவிடும். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணமும் சுத்தம்.

சொல் ஒருபக்கம் இருக்க, துண்டறிக்கையில் விளக்கமாக இதைப் போடலாம் என்று நினைக்கிறேன். திருத்தித் தாருங்கள்:

"நடு நெஞ்சில் அமுக்கம், இறுக்கம், பாரம் வந்து சில நிமிடத்தில் அடங்கவில்லையா, ஓய்வாக இருக்கும்போதே வந்ததா, இடது கை, இரு கை, தாடை, முதுகு, மேல்வயிறு என்று பரவுகிறதா, குப்பென்று வியர்க்கிறதா, மூச்சு முட்டுகிறதா, குமட்டுகிறதா: உடனே 108ஐக் கூப்பிடுங்கள். வண்டியை நீங்களே ஓட்டிப் போகாதீர்கள். முதல்முறையாக வந்து தானாக அடங்கியிருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் இறுக்கமே இல்லாமல் மூச்சுத்திணறலும் அசதியும் மட்டும் வரலாம்."

இதோடு இரண்டு வரி சேர்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம் (நெஞ்சழுத்தம் என்றும் சொல்லலாம்). ஒன்று, ஜெலுசில் குடித்துக் கேட்டதாலோ ஏப்பம் விட்டதும் லேசானதாலோ அது கேஸ்தான் என்று ஆகிவிடாது. இரண்டு, முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று ஆகாது. இதயத் தசை பாதிக்கப்பட்டால் வெளியாகும் டிரோபோனின் என்ற புரதம் இரத்தத்தில் ஏறச் சில மணி நேரம் ஆகும், அதனால்தான் இருக்க வைத்துத் திரும்பவும் பார்க்கிறார்கள். "எல்லாம் நார்மல்னாங்க, அப்புறமும் ஏன் விடமாட்டேங்கிறாங்க" என்று சண்டை போடுகிறவர்களுக்காகவே இந்த வரி.

பேரையூர், எழுமலைப் பக்கம் இருப்பவர்கள் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேர நேரமாகும். 2023இல் வந்த தமிழக அரசின் "இதயம் காப்போம்" திட்டப்படி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டேடின் மூன்று மாத்திரைகளையும் லோடிங் டோஸாக (தொடக்கத்தில் ஒரேயடியாகத் தரும் கூடுதல் அளவாக) கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். அதையும் ஒரு வரி போடுவோம். லோடிங் டோஸுக்குத் தமிழ் என்ன என்று இந்த இழையில் யாரும் தொடங்க வேண்டாம், தனி இழை போடுங்கள்.

ஒற்று, புணர்ச்சி பற்றிக் கேட்டவருக்கு: அகராதிப் பதிவில் "நெஞ்சிறுக்கம்" என்று சேர்த்தும், துண்டறிக்கையில் "நெஞ்சு இறுக்கம்" என்று பிரித்தும் எழுதலாம். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது.