கேஏ (கர்நாடகா) வண்டிக்கு டிஎன் எண் வாங்குவது "விருப்பப்பட்டால்" மட்டுமாம்!

கே.கே.நகர் கார்த்தி
பழைய கார் வாங்குவது பற்றிய திரியில் ஒருவர் அடித்துவிட்டதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "வெளிமாநில வண்டிக்கு டிஎன் எண் மாற்றுவது நம் விருப்பம். காசு கொழுத்தவன் கட்டி மாற்றிக்கொள்ளட்டும்" என்று எழுதியிருக்கிறார். அதற்கு லைக் மழை வேறு. நான் என் கேஏ 05 வண்டியைச் சென்னைக்குக் கொண்டுவந்தபோது பழைய ஆர்டிஓவிடம் படிவம் 28 கொடுத்து என்ஓசி (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) வாங்கினேன். சேஸிஸ் எண் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக் கொடுத்தேன். கடன் கொடுத்த வங்கியிடம் தனியாக ஒரு என்ஓசி. அப்புறம் இங்கே வந்து மொத்தமாக ஆயுள் வரி (சாலை வரி). அப்போ முறைப்படி செய்த நாங்களெல்லாம் இளிச்சவாயர்களா?

இந்திராநகர் பழனி
அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம் கார்த்தி, கோபித்துக்கொள்ள மாட்டேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 46 படித்திருக்கிறீர்களா? ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியை இந்தியாவில் வேறெங்கும் மறுபடி பதியத் தேவையில்லை. ஆர்சி நாடு முழுக்கச் செல்லும். முடிந்தது கதை. பயந்தவர்கள் கட்டினீர்கள், நான் பயப்படவில்லை.

பிரிவு47
46ஐ முதல் வரியிலிருந்து படிக்க வேண்டும் ஐயா. "47ஆம் பிரிவுக்கு உட்பட்டு" என்றுதான் அது ஆரம்பிக்கிறது. 47 சொல்வது இதுதான்: வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் புதிய பதிவெண்ணுக்கு விண்ணப்பித்தே ஆக வேண்டும். அதற்குப் படிவம் 27. இதில் விருப்பம் எங்கே வந்தது?

இந்திராநகர் பழனி
வந்துவிட்டார் நம்ம கோர்ட்டுக்குப் போகாத வக்கீல். 12 மாதம்தானே? என் வண்டி தமிழ்நாட்டில் 12 மாதம் நின்றதே இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பெங்களூர் போய் வருகிறேன். எல்லை தாண்டின அன்றைக்கே கணக்கு பூஜ்யம். திரும்பி வந்த நாளிலிருந்து புதுசாக 12 மாதம். ஃபாஸ்டேக் கணக்கில் எல்லாம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

கே.கே.நகர் கார்த்தி
பூஜ்யம் ஆகிறது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

இந்திராநகர் பழனி
ஆகாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

மதுரை59
எதுக்கு அண்ணே இந்தச் சண்டை? நான் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பல வருஷம் ஆச்சு. இன்னும் டிஎன் 59 தான் ஓட்டுறேன். ஒரு போலீஸ்கூட எண்ணை மாத்தச் சொல்லலை. பழனி அண்ணன் சொல்வது சரி, எல்லாம் நம்ம விருப்பம்தான்.

பிரிவு47
தம்பி, மதுரையும் சென்னையும் ஒரே மாநிலம். 59 என்பது ஆர்டிஓ எண். மாநிலத்துக்குள் ஊர் மாறினால் எண் மாறாது. பிரிவு 49படி முகவரியை 30 நாளுக்குள் மாற்றினால் போதும். ஆர்சியில் முகவரியை மாற்றினீர்களா?

மதுரை59
கேள்வி கேட்டா பதில் சொல்லணும், திருப்பிக் கேள்வி கேட்கக் கூடாது.

செகந்திராபாத் தமிழன்
எங்கள் ஊர்க் கதையைக் கேளுங்கள். 2014இல் தெலங்கானா பிரிந்ததும் ஏபி போய் டிஎஸ் வந்தது. 2024 மார்ச்சில் அதுவும் போய் டிஜி. என் வண்டி இன்னும் டிஎஸ்தான். பழைய வண்டிகளை மாற்ற வேண்டாம் என்று அரசே சொல்லிவிட்டது. ஒரே வீட்டு வாசலில் ஏபி, டிஎஸ், டிஜி என்று மூன்று வண்டி நிற்கும். ஆக, எழுத்தை மாற்றுவது கட்டாயமில்லை.

இந்திராநகர் பழனி
அப்படிப் போடுங்க! ஒரு மாநிலமே சொல்லிவிட்டது. கார்த்தி சார், கேட்டுச்சா?

பிரிவு47
அங்கே மாநிலம் தன் குறியீட்டை மாற்றியது. வண்டி அங்கேயேதான் இருக்கிறது, வரியும் அங்கேயே கட்டியாச்சு. இங்கே வண்டி மாநிலம் மாறியிருக்கிறது. இரண்டும் ஒன்று என்றால் நான் சொல்ல ஒன்றுமில்லை.

இந்திராநகர் பழனி
சொல்ல ஒன்றுமில்லை என்றால் சொல்லாதீங்க.

கோவை செகண்ட்ஸ்
நான் பழைய கார் வாங்கி விற்கிறவன், அதனால் கொஞ்சம் கேளுங்க. எண் மாற்றுவது என்று நீங்க சண்டை போடுகிறீர்களே, அதுக்குக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். வலிக்கிறது ஆயுள் வரி. 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் ஏற்றிய கணக்குப்படி புது காருக்கு 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வெளிமாநிலத்திலிருந்து வந்த வண்டிக்கு வயதைப் பார்த்துக் குறைப்பார்கள், ஆனாலும் கணிசமாக வரும். பெங்களூரில் கட்டினதைத் திரும்ப வாங்க அங்கேதான் அலைய வேண்டும். அப்புறம் புது எண் வந்ததும் நம்பர் தட்டு, இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக் எல்லாவற்றிலும் மாற்றணும். இதுக்குப் பயந்துதான் ஆள் ஆளுக்குச் சட்டம் பேசறாங்க. சட்டம் ஒரு சாக்குங்க.

இந்திராநகர் பழனி
வியாபாரி வந்தாச்சு. வரியைப் பற்றி யாரும் பேசவில்லை. பேச்சு 12 மாதத்தைப் பற்றி. எல்லை தாண்டினால் பூஜ்யம். இதற்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

கே.கே.நகர் கார்த்தி
சரி, உங்கள் வழிக்கே வருகிறேன். ஃபாஸ்டேக் சாட்சி என்றீர்கள். கடைசியாக எந்த டோலில் பணம் போயிருக்கிறது, படம் போடுங்கள்.

இந்திராநகர் பழனி
[படம்] பார்த்துக்கோங்க. ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா, பள்ளிகொண்டா, வாணியம்பாடி, கிருஷ்ணகிரி. வண்டி எண்ணை மட்டும் மறைத்திருக்கிறேன். போதுமா?

கே.கே.நகர் கார்த்தி
கிருஷ்ணகிரி எந்த மாநிலம் பழனி சார்?

பிரிவு47
😂😂😂

கே.கே.நகர் கார்த்தி
கிருஷ்ணகிரி டோலைத் தாண்டி, சூளகிரி தாண்டி, ஓசூர் தாண்டி, அதற்கப்புறம்தான் எல்லை. அத்திப்பள்ளி டோல் எங்கே? நீங்கள் கிருஷ்ணகிரியில் மாம்பழம் வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தாலும் ஃபாஸ்டேக்கில் இதேதான் வரும்.

இந்திராநகர் பழனி
அத்திப்பள்ளி டோலைத் தவிர்த்து உள் ரோட்டில் போக எனக்குத் தெரியும். அந்த ஏரியாவில் பத்து வருஷம் குப்பை கொட்டினவன். சென்னையில் ஓஎம்ஆரைத் தாண்டாதவர்கள் எனக்கு வழி சொல்ல வேண்டாம்.

பிரிவு47
அப்போ சாட்சி இல்லை.

இந்திராநகர் பழனி
சாட்சி நான் ஏன் தரணும்? 12 மாதம் இங்கேயே நின்றது என்று ஆர்டிஓக்காரன் நிரூபிக்கட்டும். குற்றம் சாட்டுகிறவன்தான் நிரூபிக்கணும், இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். கர்நாடக உயர் நீதிமன்றம் 2016இல் என்ன சொன்னது தெரியுமா? 30 நாள் தாண்டினால் ஆயுள் வரி என்று அந்த அரசு கொண்டுவந்த திருத்தத்தை ரத்து செய்தது. வெளிமாநில வண்டியை நிறுத்தி மிரட்டுகிற வேலைக்கு அப்போதே அடி விழுந்தது.

பிரிவு47
நீங்களே போட்டுக்கொண்ட கோல் இது. 30 நாள் கூடாது, சட்டப்படி 12 மாதம் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். 12 மாதத்துக்கு அப்புறமும் சும்மா விடு என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. அதுவும் அது கர்நாடகச் சட்டம். உங்கள் வண்டி நிற்பது சென்னையில்.

இந்திராநகர் பழனி
நிற்பதில்லை. அதைத்தானே காலையிலிருந்து கத்துகிறேன். எல்லை தாண்டினால் பூஜ்யம்.

மதுரை59
பழனி அண்ணே, போன வருஷம் எத்தனால் பெட்ரோல் திரியிலும் இதே பிரிவு47தான் உங்களை மடக்கப் பார்த்தார், ஞாபகம் இருக்கா? அவருக்கு எதிலும் குற்றம் கண்டுபிடிக்கணும்.

பிரிவு47
அந்தத் திரியில் மைலேஜ் குறையவே குறையாது என்று சாதித்தது இதே பழனி. ஆதாரம் கேட்டதற்கு அவர் மைத்துனரின் ஸ்கூட்டரைக் காட்டினார்.

இந்திராநகர் பழனி
மைத்துனர் பெயரை இழுக்காதீங்க. அந்த ஸ்கூட்டர் இன்றைக்கும் அதே மைலேஜ்தான் தருகிறது.

பாண்டி ராஜா
இந்தத் திரி எப்படியும் எங்கள் பக்கம் திரும்பும் என்று தெரியும், அதனால் முதலிலேயே சொல்கிறேன். பிஒய் (புதுச்சேரி) எண் கண்டாலே வரி ஏய்ப்பு என்று பேசாதீர்கள். நாங்கள் அங்கேயே பிறந்து அங்கேயே குடியிருக்கிறோம். ஈசிஆரில் பிஒய் 01 போனால் எல்லோரும் திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள்.

கோவை செகண்ட்ஸ்
யாருங்க உங்களை இப்போ இழுத்தது?

பாண்டி ராஜா
இழுப்பீர்கள். 2017இல் கேரளாக்காரர்கள் சொகுசுக் கார்களை எங்கள் ஊர்ப் போலி முகவரியில் பதிந்தார்கள். கெட்ட பெயர் மட்டும் எங்களுக்கு.

கே.கே.நகர் கார்த்தி
ராஜா சொல்வதிலும் பாயிண்ட் இருக்கிறது. வரி குறைந்த இடத்தில் பதிவது, இன்னொரு இடத்தில் ஓட்டுவது. 2024 ஜூனில் நாகாலாந்து எண் போட்ட ஆம்னி பஸ்களைத் தமிழ்நாடு அரசு ஏன் நிறுத்தியது? அந்த பஸ் கோஹிமா ரோட்டையே பார்த்திருக்காது. பழனி சாரின் காருக்கும் அதே நியாயம்தான்.

இந்திராநகர் பழனி
ஆம்னி பஸ் பர்மிட் வண்டி. என்னுடையது சொந்தக் கார். பஸ்ஸையும் காரையும் ஒன்றாக்குகிறவரோடு என்ன பேசுவது? என் காரை நான் எந்த வரிக்காகவும் கர்நாடகாவில் பதியவில்லை. அங்கே வேலை பார்த்தேன், அங்கே வாங்கினேன், 17 சதவீதம் அங்கே கட்டினேன். இங்கே இருப்பதைவிட ஒரு சதவீதம்தான் குறைவு. ஏய்ப்பவன் ஒரு சதவீதத்துக்கா ஏய்ப்பான்?

கோவை செகண்ட்ஸ்
அது பெங்களூர் கஜானாவுக்குப் போனதுங்க. ரோடு தேய்வது சென்னையில்.

இந்திராநகர் பழனி
சென்னையில் ரோடு இருக்கிறதா? பெருங்குடி பக்கம் வந்து பாருங்க, தேய என்ன மிச்சம் இருக்கிறது என்று.

மதுரை59
👏👏 அண்ணன் அண்ணன்தான்.

கே.கே.நகர் கார்த்தி
பெங்களூர் ரோடு மட்டும் வாழ்கிறதாக்கும். சில்க் போர்டு சிக்னலில் நின்று நின்று என் கிளட்ச் போனது.

இந்திராநகர் பழனி
ஓட்டத் தெரியாதவனுக்குக் கிளட்ச் போகத்தான் செய்யும்.

செகந்திராபாத் தமிழன்
இவ்வளவு பேசுகிறீர்கள், பிஹெச் (பாரத்) தொடர் எண் என்று ஒன்று 2021 செப்டம்பரிலிருந்து இருக்கிறதே. அதை எடுத்தால் மாநிலம் மாறும்போதெல்லாம் எண் மாற்ற வேண்டாம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வரி. ஏற்கனவே பதிந்த வண்டியையும் அதற்கு மாற்றலாம்.

பிரிவு47
அது அரசு ஊழியர், ராணுவத்தினர், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் ஆகியோருக்கு. பழனி இப்போது சொந்தத் தொழில். கிடைக்காது.

இந்திராநகர் பழனி
என் தொழில் வரைக்கும் விசாரித்துவிட்டீர்களா? நல்லது. கிடைத்தாலும் எனக்கு வேண்டாம். என் எண் 03இல் ஆரம்பிக்கிறது, கூட்டினால் ஒன்பது வருகிறது. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கே.கே.நகர் கார்த்தி
அட, இதுதானா விஷயம்! சட்டமும் இல்லை, சாட்சியும் இல்லை, கூட்டுத்தொகை.

இந்திராநகர் பழனி
நியூமராலஜியைக் கிண்டல் செய்கிற ஆள் உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்க்கவில்லையா? விடுங்க. கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எல்லை தாண்டினால் கணக்கு பூஜ்யமாகாது என்று எழுதியிருக்கிற ஒரு வரியைக் காட்டுங்கள், நாளைக்கே எண்ணை மாற்றுகிறேன்.

பிரிவு47
வாரக்கடைசியில் ஓசூர் வரைக்கும் போய்விட்டு வந்தால் வண்டி கர்நாடகாவில் "வைத்திருந்ததாக" ஆகிவிடுமா? வீடு பெருங்குடி, பார்க்கிங் பெருங்குடி, சர்வீஸ் பெருங்குடி.

இந்திராநகர் பழனி
ஓசூர் இல்லை, பெங்களூர். மறுபடி மறுபடி ஓசூர் என்றால் அது உண்மையாகிவிடாது.

கே.கே.நகர் கார்த்தி
டோல் ரசீது கிருஷ்ணகிரியோடு நிற்கிறது.

இந்திராநகர் பழனி
உள் ரோடு என்று சொன்னேன்.

கே.கே.நகர் கார்த்தி
கிருஷ்ணகிரியோடு நிற்கிறது.

கோவை செகண்ட்ஸ்
பழனி அண்ணா, சண்டையை விடுங்க. அந்தக் கேஏ வண்டியை எப்போதாவது விற்கிற எண்ணம் இருந்தால் சொல்லுங்க. ஆனால் என்ஓசியோடு வந்தால்தான் விலை பேசுவேன். என்ஓசி இல்லாமல் இங்கே எண் மாற்ற முடியாது. ஆயுள் வரி எப்படியும் என் தலையில் விழும், அதை விலையில் கழித்துக்கொள்வேன்.

இந்திராநகர் பழனி
உங்களுக்கு விற்பதற்குப் பதில் பெங்களூருக்கே ஓட்டிக்கொண்டு போய் அங்கே விற்பேன்.

கே.கே.நகர் கார்த்தி
போகும்போது அத்திப்பள்ளி டோல் வழியாகப் போங்கள், ஒரு ரசீதாவது மிஞ்சும்.

இந்திராநகர் பழனி
உள் ரோடு.