மனதில் சமாதானம் இருந்தால் அது தேவ சித்தம்தானா?

கேள்வி:
நாகர்கோவிலில் சின்ன தையல் கடை வைத்திருக்கிறேன். பக்கத்துக் கடை காலியானதும், அதையும் எடுக்கலாமா என்று ஜெபித்தேன், மனம் லேசானது. அதையே கர்த்தரின் பதிலாக எடுத்துக்கொண்டு 5 பவுன் நகையை அடகு வைக்கப் புறப்பட்டேன். அம்மா, "வட்டியை எங்கிருந்து கட்டுவாய்?" என்று கேட்டதும் அந்தச் சமாதானம் போய்விட்டது. இப்போது எதை நம்புவது?

பதில் 1:
சகோதரி, வேதாகமத்தில் யோசுவா 9-ஐ வாசியுங்கள். பக்கத்திலேயே குடியிருந்த கிபியோனியர், தூர தேசத்திலிருந்து வந்ததாக நம்பவைக்கப் பூசணம் பூத்த அப்பத்தைக் காட்டினார்கள். இஸ்ரவேலர் கண்ணால் பார்த்ததை நம்பினார்கள், கர்த்தரிடம் கேட்கவில்லை. மூன்று நாள் சென்றதும் உண்மை தெரிந்தது, ஆனால் அவர்களை உயிரோடே விடுவதாக ஆணையிட்டாகிவிட்டதே! அம்மாவின் கேள்விக்குக் கணக்கு எழுதிப் பாருங்கள். நீதிமொழிகள் 15:22 ஆலோசனைக்காரரைப் பற்றிச் சொல்கிறது. அம்மாவும் அதில் ஒருவர்தான்.

பதில் 2:
உணர்வே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எதிரிகள் சிக்லாக் ஊரை எரித்து, குடும்பங்களைச் சிறைபிடித்துப் போனபோது தாவீது அழ பெலனில்லாமல் போகுமட்டும் அழுதான். ஆனாலும் ஏபோத்தை (ஆசாரியனின் உடை) கொண்டுவரச் சொல்லி, அவர்களைப் பின்தொடரலாமா என்று கர்த்தரிடம் கேட்ட பிறகே புறப்பட்டான் (1 சாமுவேல் 30). எரேமியா தீர்க்கதரிசிக்குக்கூட கர்த்தரிடமிருந்து பதில் வர பத்து நாள் ஆனது (எரேமியா 42:7). நீங்கள் எத்தனை நாள் காத்திருந்தீர்கள்?

கேள்வி கேட்டவர்:
ஒரே ராத்திரிதான் அண்ணா. இன்று நோட்டில் கணக்கு எழுதினேன். தீபாவளி, கிறிஸ்துமஸ் மாதங்களைத் தவிர வட்டிக்கே காணாது. நகை பீரோவில்தான் இருக்கிறது. ஞானத்தைத் தேவனிடம் கேட்கச் சொல்லும் யாக்கோபு 1:5-ஐ வைத்து ஜெபிக்கிறேன். அப்புறம், சனிக்கிழமை அம்மாவோடு போய் போதகரையும் பார்க்கிறேன்.