மட்லப் திட்டம் கிழவிகளால் தோற்றதா?

காவேரிக்கரை:
"வங்கதேசத்தின் மட்லப்பில் படிக்காத கிழவிகளை அனுப்பினார்கள், குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் தோற்றது. படித்த பெண்களை அனுப்பினார்கள், வென்றது. அனுபவத்தில் பாடம் கற்பது இதுதான்" என்று கணக்கன் நேற்று இங்கே எழுதியிருக்கிறார். படித்ததும் வயிறு எரிந்தது. 1975இல் அந்த 154 பெண்களின் கையில் கொடுத்தது மாத்திரையும் ஆணுறையும்தான். மாத்திரையால் தலைசுற்றுகிறது, உதிரம் படுகிறது என்று ஒருத்தி சொன்னால் அவர்கள் என்ன செய்ய முடியும்? தோற்றது திட்டம் போட்டவர்கள். பழி கிழவிகளுக்கா?

கணக்கன்:
நான் எழுதியதில் எது பொய்? பெரும்பாலோர் வயதானவர்கள், கைம்பெண்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். 1977 அக்டோபரில் அவர்களுக்குப் பதிலாக 80 பேர் வந்தார்கள். மணமான இளம் பெண்கள், படித்தவர்கள். ஒன்றரை ஆண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குத் தம்பதிகள் கருத்தடைக்கு வந்துவிட்டார்கள். ஆளை மாற்றினார்கள், பலன் கிடைத்தது.

காவேரிக்கரை:
ஆள் மட்டுமா மாறியது? கருத்தடை ஊசி வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கே போனார்கள். பக்கவிளைவு என்றால் கவனிக்க ஆள் இருந்தது. பெண்கள் அதிகம் கேட்டது ஊசியைத்தான், ஏனென்றால் அதை ஒளித்துவைக்க வேண்டியதில்லை. மாமியாருக்குப் பயந்து மாத்திரை அட்டையை அரிசிப் பானைக்குள் புதைத்துவைத்த பெண்ணை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 27 ஆண்டு கிராம சுகாதார செவிலியராகத் தெருத்தெருவாக நடந்தவள் நான்.

கணக்கன்:
ஊசி தானாக நடந்து போய் வீட்டுக் கதவைத் தட்டுமா அம்மா? படித்தவள் கையில் கொடுத்ததால்தானே போட முடிந்தது? மீண்டும் சொல்கிறேன், ஆளை மாற்றினார்கள்.

தாமிரபரணி:
ஊசியை இவ்வளவு புகழ வேண்டாம். நெட்-என் என்ற கருத்தடை ஊசியை எதிர்த்து 1986இல் நம் நாட்டுப் பெண்கள் அமைப்பினர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். எல்லாச் சுமையும் பெண் உடம்புக்குத்தானா? ஆண்களைப் பற்றி இரண்டு பேருமே வாய் திறக்கவில்லையே.

காவேரிக்கரை:
அதைத் தனியாகப் பேசுவோம் தம்பி. போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவதுதான் எனக்குப் பயம். 1996க்கு முன்பு இத்தனை பேரைக் கருத்தடைக்குக் கொண்டுவர வேண்டும் என்று எங்களுக்கு இலக்கு உண்டு. காப்பர் டி போட்ட ஒரு பெண் பன்னிரண்டு நாளாக உதிரம் நிற்கவில்லை, எடுத்துவிடுங்கள் என்று என் கையைப் பிடித்து அழுதாள். "கணக்கில் ஒன்று குறையும், பேசி அனுப்பு" என்றார் மேலதிகாரி. நான் எடுக்கச் செய்தேன், திட்டு வாங்கினேன். அவள் ஏன் அழுதாள் என்று எந்தப் பதிவேட்டிலும் எழுத இடமில்லை.

கணக்கன்:
உங்கள் சொந்தக் கதை மட்லப்புக்குச் சான்றாகாது. இலக்கை எடுத்த பிறகு உங்கள் துறையில் எத்தனை பேர் ஒழுங்காக வீடு வீடாகப் போனீர்கள்?

காவேரிக்கரை:
வெயிலில் நடந்து கால் வெடித்தவளிடம் இதைக் கேட்கிறீர்களா? அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுங்கள்.

தாமிரபரணி:
கணக்கன் யாரிடமும் எதையும் திரும்பப் பெற்றதில்லை. சென்ற மாதம் தடுப்பூசி விவாதத்திலும் இதே பிடிவாதம்தான்.

கணக்கன்:
பழைய பகையை இங்கே இழுக்காதீர்கள். "கிழவிகள்" பிடிக்கவில்லை என்றால் "முதியவர்கள்" என்று வாசித்துக்கொள்ளுங்கள். படிக்காதவர்கள் என்பது மாறாது.

காவேரிக்கரை:
படிக்காதவர்கள்தான். ஆனால் எந்த வீட்டில் எவள் மாத்திரையை நிறுத்தினாள், எதற்காக நிறுத்தினாள் என்பது அவர்கள் காதுக்குத்தான் முதலில் வந்திருக்கும். அதற்குப் பதில் சொல்லுங்கள். நாளைக் காலையில் வந்து பார்க்கிறேன்.