கோடீஸ்வரன் விதி எது?

*குழு: பெரிய வீட்டுப் பசங்க*

உமா: பொங்கலுக்குக் கூடுறப்ப கோடீஸ்வரன் டிவி வினாடி வினா மாதிரி ஒண்ணு நடத்தப் போறோம். பிரிட்டன்ல ஜெரமி கிளார்க்ஸன் நடத்துறாரே, அதுல விதி மாத்திட்டாங்களாமே?

சேகர் மாமா: 2018ல திரும்ப வந்தப்ப முக்கியமா ரெண்டு விஷயம் புதுசு. விடை தெரியாதப்ப எடுக்கிற உதவிதானே லைஃப்லைன், அதுல தொகுப்பாளரையே கேட்கிற நாலாவது ஒண்ணு. ரெண்டாவது பாதுகாப்புப் படியை, அதாவது அப்புறம் தப்பா சொன்னாலும் கையில மிஞ்சுற தொகையை, ஆடுறவரே வெச்சுக்கறது இன்னொண்ணு. மத்தபடி பழைய 15 கேள்விதான்.

பாலா: நடுவுல 12ஆ இருந்துச்சே மாமா

சேகர் மாமா: அது 2007ல. 2010ல கடிகாரமும் வந்துச்சு, முதல் 2 கேள்விக்கு 15 விநாடி, அடுத்த 5க்கு 30. அங்கதான் கெட்டுச்சு. ஆடுறவர் வாய்விட்டுக் குழம்புறதைப் பார்க்கத்தானே உட்கார்றோம், அவரை விரட்டினா என்ன இருக்கு?

உமா: படியை எப்படி வெச்சுக்கறது?

கீதா அத்தை: முதல் படி 1,000 பவுண்ட்ல நிலையா இருக்கும். அதைத் தாண்டினதும், அடுத்த கேள்வி திரைக்கு வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடணும். 2,000லேர்ந்து 5 லட்சம் வரை எதுல வேணாலும், ஒரே தடவை. அந்தத் தொகைக்கான கேள்விக்குச் சரியா சொன்னாத்தான் படி செல்லும்.

பாலா: அப்ப இழுத்தடிச்சு மேல வெச்சுக்கலாமே 😀

கீதா அத்தை: இழுக்கலாம், விழுந்தா அடி பலம். பழைய முறையில 64,000 கையில இருக்கறப்ப தப்பா சொன்னா 32,000 மிஞ்சும். இதுல படி வெக்காம வந்திருந்தா 1,000தான், 63,000 போச்சு. ஆனா 1,25,000ல வெச்சு அதைத் தாண்டிட்டா, 2,50,000 கேள்விக்குக் குருட்டடி அடிச்சாலும் நஷ்டமில்ல.

பாலா: அமெரிக்காவுல 2010ல தொகையையே கலைச்சுப் போட்டாங்க. முதல் 10 கேள்வி, 100 டாலர்லேர்ந்து 25,000 வரை. எதுக்கு எவ்வளவுன்னு பதில் சொன்னப்புறம்தான் தெரியும். பத்தும் சரின்னா 68,600. நடுவுல விலகினா சேர்த்ததுல பாதி.

சேகர் மாமா: தொகை ஏறிக்கிட்டே போற ஏணியை எடுத்துட்டா பதற்றம் எங்கேருந்து வரும்? 2015ல ஏணிக்கே திரும்பிட்டாங்க.

உமா: தெரிஞ்சவங்களுக்கு ஃபோன் போட்டுக் கேட்கிற லைஃப்லைன் வெக்கலாமா? கூகுள்ல தேடிடுவாங்களே

கீதா அத்தை: அதுக்காகவே அமெரிக்காவுல 2010 ஜனவரில அதைத் தூக்கிட்டாங்க. பிரிட்டன்ல இப்போ ஃபோன் எடுக்கிறவர் பக்கத்துலயே நிகழ்ச்சி ஆள் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். 2020ல கொரோனாவால பார்வையாளர் இல்ல, அவங்களைக் கேட்கிறதுக்குப் பதிலா ரெண்டாவது ஃபோன் குடுத்தாங்க. அந்த வருஷம் 10 லட்சம் ஜெயிச்ச டொனால்ட் ஃபியர் மூணு லைஃப்லைனைத் தொடவே இல்ல.

பாலா: 😮

சேகர் மாமா: உமா, நமக்குக் கடிகாரம் வேண்டாம். 15 கேள்வி, அஞ்சாவதுல நிலையான படி, இன்னொண்ணு அவங்க இஷ்டம். கேள்வியைப் படிக்கிறதுக்கு முன்னாடி வாயைத் திறந்து சொல்லணும், படிச்சப்புறம் கெஞ்சினா கிடையாது. முக்கியமா, கேள்வி கேட்கிறவர் கையில விடைத்தாள் இருக்கக் கூடாது. அவருக்கே விடை தெரிஞ்சா அந்த நாலாவது லைஃப்லைன் செத்துச்சு.

உமா: விடைத்தாள் பாட்டிகிட்ட இருக்கட்டும்

பாலா: பாட்டி முகத்தைப் பார்த்தே விடை தெரிஞ்சிடும் 😂

கீதா அத்தை: ஆடுறவங்க முதுகுப் பக்கமா உட்கார வை.