டோம் ட்வீட்டர் மாற்றியவங்க வாங்க: மாற்றின பிறகு என்ன கேட்டுச்சு? (ஸ்டுடியோ மானிட்டர் மட்டும்)

கீழ்ஸ்தாயி:
வலது மானிட்டர்ல (மிக்ஸ் பண்ணக் கேட்கிற ஸ்பீக்கர்) உச்ச ஒலியைத் தர்ற ட்வீட்டரோட காயில் (உள்ள இருக்கிற கம்பிச்சுருள்) அறுந்துபோச்சு. ஒரிஜினல் பாகம் இப்ப தயாரிப்புலயே இல்லை. அதனால மாற்று வாங்கினேன். அதே 25 மி.மீ. சில்க் டோம் (ஒலியைத் தள்ளுற குவிஞ்ச மூடி), அதே 6 ஓம், சென்சிடிவிட்டியும் (கொடுக்கிற மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வருதுங்கிறது) காகிதத்துல அதே 91 டெசிபெல். முகத்தட்டு இழை பிசகாம உட்கார்ந்துச்சு. அத்தோட முடிஞ்சிருக்கணும்.

அடுத்து வந்தது ஒரு பெண் குரல் மிக்ஸ். குரல் நட்ட நடுவுல இருக்கு. உயிரெழுத்து எல்லாம் அங்கேயே நிக்குது. 'ச', 'ஸ' வரும்போது மட்டும் அந்த ஒலி நழுவி வலப்பக்கம் போயிட்டுத் திரும்பி வருது. வாய் ஓர் இடத்துல, பல் ஓர் இடத்துல! ஹெட்போன்ல போட்டா அசையாம நடுவுல நிக்குது. அதுக்கப்புறம் அந்தப் பாட்டைப் பாட்டாவே கேட்க முடியலை. அடுத்த 'ஸ' எப்ப ஓடும்னுதான் காது காத்துக்கிட்டு இருக்கு.

ஸ்பெக் எல்லாம் ஒண்ணா இருந்தும் புது ட்வீட்டர் இப்படிக் கத்துமா? யாருக்காவது நடந்திருந்தா சொல்லுங்க.

வெள்ளைக்கூம்பு:
பேரைப் பார்த்தே கண்டுபிடிச்சிருப்பீங்க, நான் வெள்ளைக் கூம்பு வச்ச யமஹா என்எஸ்-10 ஸ்பீக்கர் கட்சி. நான் வேலை பார்த்த அறையில அதோட ஸ்டுடியோ மாடல் ஒரு ஜோடி இருந்தது. ரெண்டு ட்வீட்டரையும் எனக்கு முன்னாடி யாரோ மாத்தி வச்சிருந்தாங்க. வெளியிலிருந்து வந்த ஒரு மூத்த இன்ஜினியர் தன்னோட பாட்டைப் போட்டார். முதல் ஸ்நேர் டிரம் அடி விழுந்ததுமே நிறுத்திட்டு எழுந்து போனார். ட்வீட்டர் பக்கத்துல விரலை நீட்டி, "தம்பி, இது யாரு?"ன்னு கேட்டார். எனக்குப் பதில் தெரியலை.

ஒரிஜினல் டோம் 35 மி.மீ. கிராஸ்ஓவர் (வூஃபர்ங்கிற பெரிய கூம்பும் ட்வீட்டரும் ஒலியைப் பிரிச்சுக்கிற இடம்) 2 கிலோஹெர்ட்ஸ்லயே இருக்கும். அதுல ஓட்டை பொருந்துதுன்னு 25 மி.மீ. டோமை மாட்டி வச்சிருந்தாங்க. சின்ன டோமை அவ்வளவு கீழ இறக்கி வேலை வாங்கினா, மெதுவா வைக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. சத்தத்தைக் கூட்டினதும் ஸ்நேரோட 'பட்' சத்தம் 'கட்'னு ஆயிடும். அவர் கேட்டது அதைத்தான். இதுல கூத்து, அந்த ட்வீட்டர் மேல டிஷ்யூ பேப்பர் வேற ஒட்டியிருந்தது. உச்ச ஒலியைக் கொஞ்சம் அடக்க டிஷ்யூ ஒட்டுற பழக்கம் 1978ல வந்த பழைய மாடலுக்கு. 1987ல வந்த ஸ்டுடியோ மாடல்ல ட்வீட்டரையே அடக்கிட்டாங்க. அதையும் கழட்டிட்டு வேற ட்வீட்டர் போட்டு, அதுக்கு மேல பேப்பர்!

2001ல அந்த ஸ்பீக்கர் தயாரிப்பு நின்னுபோனதுக்குக் காரணம் வூஃபர் கூம்புக்கான காகிதக்கூழ் கிடைக்காததுதான். ஆனா இன்னைக்கு எல்லாரும் தேடி அலையறது ட்வீட்டருக்கு.

தகரக்காது:
நான் பார்த்ததை மட்டும் சொல்றேன். சர்வீஸ் ஆள் புது அலுமினியம் டோமை மாட்டிக்கிட்டு இருந்தார். கம்பி வலை இல்லாத மாடல். கடைசித் திருகாணி. ஸ்க்ரூடிரைவர் முனை டோமுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் இருந்துச்சு, காந்தம் அதை அப்படியே இழுத்துருச்சு. 'டிக்'. அவ்வளவுதான். அறையில யாரும் பேசலை.

டேப் ஒட்டி மெல்ல இழுத்ததுல குழி வெளிய வந்துருச்சு, சுருக்கம் மட்டும் போகலை. அளந்து பார்த்து பெருசா வித்தியாசம் இல்லைன்னாங்க. எனக்கு அந்தப் பக்கம் பார்த்தாலே சிம்பல் கரகரங்குது. கண்ணை மூடினா சரியா இருக்கு.

ஓம்விதி:
என் அனுபவம் ஒரு வரிதான். பழைய ட்வீட்டர் ஒன்றைத் திறந்தபோது, காயில் நிற்கும் இடைவெளியில் எண்ணெய் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புக் கோந்து இருந்தது. அந்தக் கோந்துதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஏனென்றால் அந்த ஸ்பீக்கர் 'வேலை செய்துகொண்டுதான்' இருந்தது.

கீழ்ஸ்தாயி, உங்கள் புது ட்வீட்டர் கத்தவில்லை என்பது என் ஊகம். இடப்பக்கத்துப் பழையது முணுமுணுக்கிறது. பல டோம் ட்வீட்டர்களில் காயிலைச் சுற்றி ஃபெரோஃப்ளூயிட் (காந்தத்தில் ஒட்டும் எண்ணெய்) இருக்கும். 1963இல் நாசாவில், எடையற்ற நிலையில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் நகர்த்துவதற்காக யோசித்த திரவம் அது. ட்வீட்டரில் அதற்கு இரண்டு வேலை: காயிலின் சூட்டைக் காந்தத்துக்குக் கடத்துவது, ஒத்ததிர்வை (டோம் தானாகவே அதிகமாக அதிரும் நிலையை) அடக்குவது. ஆண்டுகள் போகப் போக அது கெட்டியாகும். டோம் நகரத் தயங்கும். தேய்மானம் மெதுவாக நடப்பதால் காது பழகிவிடும். ஒரு பக்கம் மட்டும் புதிதாகும்போதுதான் குட்டு உடையும்.

முதலில் இரண்டு ஸ்பீக்கரையும் இடம் மாற்றி வைத்துப் பாருங்கள். 'ஸ' ஸ்பீக்கரோடு சேர்ந்து இடம் மாறினால் கோளாறு ஸ்பீக்கரில். மாறாமல் அதே பக்கம் ஓடினால் அறைச் சுவரைப் பாருங்கள். அடுத்து, கழற்றி மல்டிமீட்டர் வையுங்கள். 6 ஓம் என்று எழுதியிருந்தால் மீட்டர் 4.5 முதல் 5 வரை காட்டும், அது சரியான அளவே. மீட்டரோடு நிற்காமல் இம்பீடன்ஸ் (அதிர்வெண்ணுக்கேற்ப மாறும் மின்தடை) வளைகோட்டையும் எடுத்து ஒப்பிடுங்கள். ஒத்ததிர்வு எண்ணில் மேடு எவ்வளவு உயரம், எங்கே நிற்கிறது என்பது ட்வீட்டரின் உள் நிலைமையைச் சொல்லிவிடும்.

அந்த 91 டெசிபெல்லையும் நம்பாதீர்கள். ஒரு நிறுவனம் 1 வாட்டுக்கு எழுதும், இன்னொன்று 2.83 வோல்ட்டுக்கு எழுதும். 8 ஓமில் இரண்டும் ஒன்று. 6 ஓமில் 2.83 வோல்ட் என்றால் 1.33 வாட், அதிலேயே ஒன்றேகால் டெசிபெல் வித்தியாசம். 4 ஓமில் 3 டெசிபெல். புதியதைத் தேர்ந்தெடுக்கும்போது ஒத்ததிர்வு எண் கிராஸ்ஓவருக்கு ஓர் ஆக்டேவாவது கீழே, அதாவது பாதியோ அதற்கும் குறைவோ, இருக்கவேண்டும். பாஸிவ் ஸ்பீக்கர் (ஆம்ப் வெளியே இருப்பது) என்றால் இம்பீடன்ஸ் மாறினாலே கிராஸ்ஓவர் புள்ளி நகர்ந்துவிடும். ஆக்டிவ் (ஆம்ப் உள்ளேயே இருப்பது) என்றால் அது நகராது. ஆனால் உள்ளே இருக்கும் ஈக்யூ (ஒலியைச் சமன்செய்யும் திருத்தம்) பழைய ட்வீட்டருக்காக வடித்தது, புதியதற்கு அது அந்நியம். எது எப்படியானாலும் ஜோடியாகத்தான் மாற்றவேண்டும். ஒற்றையாக மாற்றுவது வேலையே இல்லை.

எதிர்க்கட்டம்:
ஓம்விதி சார், கேட்காத பாடம் நல்லா இருந்துச்சு. ஆனா "எது எப்படியானாலும் ஜோடி"ங்கிறதை ஒத்துக்க மாட்டேன். பழையது ஆரோக்கியமா இருந்து, அதே பாகம் இன்னும் கிடைக்குதுன்னா, ஒண்ணை மாத்திட்டு உள்ள இருக்கிற ட்ரிம்ல (ட்வீட்டர் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு) சமன் பண்ணலாம். நல்லா இருக்கிறதைப் பிடுங்கிப் போடச் சொல்றது யாருக்கு லாபம்? அப்புறம், எல்லா ட்வீட்டர்லயும் ஃபெரோஃப்ளூயிட் இருக்கிற மாதிரி பேசாதீங்க. காற்று இடைவெளியோட வர்றதும் நிறைய இருக்கு.

என்னோடது வேற கதை. ஒரு டெக்னீஷியன் ட்வீட்டரை மாட்டிக் கொடுத்தார். வேலை சுத்தம். வீட்டுக்கு வந்து மோனோல ஒரு குரலைப் போட்டா அது எனக்கு முன்னாடி இல்லை. பிடரிக்குப் பின்னாடி நின்னு பாடுது. சத்தியமா திரும்பிப் பார்த்தேன். ஒரு ஸ்பீக்கரை மட்டும் தனியா கேட்டா பாடகரோட மூக்கை யாரோ பிடிச்ச மாதிரி, நடுவுல ஒரு பள்ளம்.

விஷயம் என்னன்னா, செகண்ட் ஆர்டர் கிராஸ்ஓவர்ல (வூஃபரையும் ட்வீட்டரையும் எதிரெதிர் கட்டத்துக்கு, அதாவது ஒண்ணு தள்ளும்போது மத்தது இழுக்கிற மாதிரி, ஆக்கிடுற வகை) ட்வீட்டரை வேணும்னே தலைகீழா இணைச்சிருப்பாங்க. சிவப்பு ஒயர் மைனஸ்ல. அதைப் பார்த்த நம்ம ஆள் ஃபேக்டரி தப்புன்னு நினைச்சு 'திருத்தி' விட்டிருக்கார். கிராஸ்ஓவர் இடத்துல வூஃபரும் ட்வீட்டரும் ஒண்ணையொண்ணு தின்னுட்டு இருந்திருக்கு. அதுக்கு மேல ரெண்டு பக்க ட்வீட்டரும் எதிரெதிர் கட்டம். அதனால கழட்டுறதுக்கு முன்னாடி ஒயரை போட்டோ எடுங்க. இணைப்பைத் திருப்பிப் போட்டு ஸ்வீப் (அடியிலிருந்து உச்சி வரைக்கும் ஏறுற சோதனை ஒலி) எடுங்க. எந்தப் பக்கம் போட்டா பள்ளம் ஆழமா விழுதோ, அதுக்கு எதிர்ப்பக்கம்தான் சரி.

கீழ்ஸ்தாயி:
இடம் மாத்தி வச்சேன். 'ஸ' இப்ப இடப்பக்கம் ஓடுது. அறை மேல பழி இல்லை.

மைக்கை ஒரே இடத்துல வச்சு ரெண்டையும் தனித்தனியா ஸ்வீப் எடுத்தேன். பழைய ட்வீட்டர் கிராஸ்ஓவருக்கு மேல முழுக்க 3 டெசிபெல் கம்மி. புதுசுதான் மானுவல்ல போட்டிருக்கிற கோட்டோட ஒத்துப் போகுது. ஓம்விதி சார் சொன்னது நடந்திருக்கு.

இதுல என்னைக் குடையறது வேற. மாஸ்டரிங் பண்றவர் (என் மிக்ஸை வாங்கிக் கடைசியா மெருகேத்துறவர்) ஒவ்வொரு தடவையும் "மேல கொஞ்சம் கூடுதலா இருக்கு"ன்னு, உச்ச ஒலியைச் சொல்லி, எழுதுவார். அது அவரோட ரசனைன்னு விட்டுட்டேன். செத்துப்போன வலது ட்வீட்டரும் இதே வயசுதானே, அதுவும் இப்படித்தான் முணுமுணுத்திருக்கும். அதை ஈடுகட்ட நான்தான் மேல கூட்டி வச்சிருக்கேன்.

ஓம்விதி:
ஜோடி என்று சொன்னேனா இல்லையா. இடப்பக்கத்துக்கும் அதே மாடலை வாங்குங்கள், முடிந்தால் அதே தயாரிப்புத் தொகுதியில்.

எதிர்க்கட்டம்:
எதுக்கு? பழையதைத் திறக்க முடிஞ்சா, உறிஞ்சு தாளை இடைவெளியில விட்டுக் கோந்தை எடுத்துட்டுப் புதுத் திரவம் விட்டாப் போதும். அந்த மாடலுக்குச் சொல்லியிருக்கிற அளவும் பிசுபிசுப்பும் கிடைச்சா மட்டும் செய்யுங்க. கண்ணளவுல ஊத்தினா திரும்பவும் ரெண்டு பக்கமும் வேற வேறதான்.

ஓம்விதி:
அப்படிச் செய்தாலும் ஒரு பக்கம் புது மாடல், மறுபக்கம் பழைய மாடல். 91-ஐப் பற்றி நான் எழுதியதைப் படித்தீர்களா?

எதிர்க்கட்டம்:
படிச்சேன் சார். அவர் அளந்துட்டார். புதுசு மானுவல் கோட்டுல உட்காருது, பழையது கழுவினா அதே கோட்டுக்கு வந்துடும். காகிதம் இனி எதுக்கு?

புதுக்கேள்வி:
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். என்னோடது பெரிலியம்ங்கிற உலோக டோம். சின்னக் கீறல் மாதிரி தெரியுது, விரிசலான்னு தெரியலை. தகரக்காது சொன்ன மாதிரி டேப் ஒட்டி இழுக்கலாமா?

தகரக்காது:
ஐயோ வேணாம். நான் சொன்னது அலுமினியம்.

ஓம்விதி:
இழுக்காதீர்கள், தொடாதீர்கள், வேக்குவம் வைக்காதீர்கள். உடைந்த பெரிலியத்தின் தூளை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்குக் கெடுதல். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, டோமில் படாமல் முகத்தட்டின் மேல் அகலமான டேப்பை ஒட்டி மூடுங்கள். முழு யூனிட்டாகக் கழற்றித் தயாரிப்பாளரிடமே அனுப்புங்கள். வழியில் எந்த டெக்னீஷியன் கைக்குப் போனாலும் உள்ளே இருப்பது பெரிலியம் என்று பெட்டியின் மேல் எழுதி வையுங்கள்.