குட்டிக்கும் கிழக்குதிரைக்கும் ஒரே புல் போதுமா?

கேள்வி (சுங்கை சிப்புட்):
எங்கள் கொட்டகையில் பால் மறக்கவிருக்கும் 5 மாதக் குட்டியும், 20 வயதைக் கடந்து பற்கள் தேய்ந்துபோன பெட்டைக் குதிரையும் உள்ளன. இரண்டுக்கும் செம்பனைத் தோட்ட ஓரத்தில் அறுக்கும் நேப்பியர் புல்லையே போடுகிறோம். இது தகுமா? அறிந்தவர்கள் கூறுங்கள்.

மறுமொழி 1:
நேப்பியரை மட்டும் நம்பாதீர்கள், தம்பி. அதிலும் செட்டாரியா என்னும் புல்லிலும் உள்ள ஆக்சலேட்டு என்ற உப்பு, குடலில் கால்சியத்தைப் பிணைத்து உடலில் சேரவிடாமல் தடுப்பதால், நாளடைவில் எலும்பு நலிந்து முகம் வீங்கும். வளரும் குட்டிக்கு இது பெருங்கேடு. கால்சியமும் புரதமும் நிறைந்த லூசெர்ன் (குதிரைமசால்) உலர்புல்லைச் சேருங்கள். அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி என்பதால், அதை அள்ளிப்போட்டால் நிலைமை மோசமாகும். களைக்கொல்லி தெளித்த இடத்துப் புல்லை அறுக்கவே வேண்டாம்.

மறுமொழி 2:
அண்ணன் சொன்னது சரி. பெட்டைக் குதிரை புல்லை மென்று உருண்டையாகத் துப்புகிறதா என்று கவனியுங்கள்; துப்பினால், உலர்புல் கட்டிகளைத் தண்ணீரில் நன்கு ஊறவைத்துக் கூழாக்கி, நாளுக்குப் பல வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். பல் மருத்துவமும் அவசியம். பொதுவாக, வளர்ந்த குதிரைக்கு உடல் எடையில் 1.5 முதல் 2 விழுக்காடு வரை உலர் நார்த்தீவனம் நாள்தோறும் வேண்டும். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்த உலர்புல்லை எந்த வயதுக் குதிரைக்கும் போடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. லூசெர்னை உடனே முழு அளவில் தரலாமா?

மறுமொழி 1:
வேண்டாம். 7 முதல் 10 நாள்களில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். திடீர் மாற்றம் வயிற்றுவலியைத் தரும்.